வீட்டிலேயே கிட்டார் கேபிள்: கேட்டவையும் பதில்களும்

கிட்டாரிலிருந்து ஆம்புக்கு (ஒலியைப் பெருக்கும் பெட்டி) போகும் கேபிளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சொன்னதும் நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, ரெடிமேடாகவே கிடைக்கிறதே, எதற்கு இந்த மெனக்கெடல்?

பழுது பார்க்கத்தான். ரெடிமேட் கேபிள் பலவற்றில் பிளக்கைக் கேபிளோடு சேர்த்து பிளாஸ்டிக்கில் வார்த்துவிடுகிறார்கள். உள்ளே ஒரு கம்பி அறுந்தாலும் திறந்து பார்க்க வழி இல்லை. நாமே செய்த கேபிள் என்றால் பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றி, அறுந்ததை வெட்டி, மறுபடி சால்டர் செய்தால் (உருக்கிய உலோகத்தால் ஒட்டினால்) முடிந்தது. அப்புறம் நீளம் நம் கையில். பெடல் போர்டில் (ஒலியை மாற்றும் பெடல்களை வைக்கும் பலகை) இரண்டு பெடலுக்கு நடுவே 15 செ.மீ. போதும் என்றால் 15 செ.மீ.க்கே செய்துகொள்ளலாம்.

எந்த ஒயர் வாங்க வேண்டும்? வீட்டில் மைக் கேபிளும் ஸ்பீக்கர் ஒயரும் மிச்சம் இருக்கின்றன.

ஸ்பீக்கர் ஒயரைத் தொடாதீர்கள். அதில் ஷீல்டு, அதாவது இரைச்சலைத் தடுக்கச் சுற்றிப் போடும் உலோக உறை, இல்லை. பிக்கப்பிலிருந்து (கம்பிகளின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் கிட்டாரின் காந்தச் சுருள்) வருவது மிகச் சிறிய சிக்னல். ஷீல்டு இல்லாவிட்டால் சுற்றியுள்ள மின்சார இரைச்சல் எல்லாம் அதில் ஏறி 'ம்ம்ம்' என்று ஆம்பில் கேட்கும்.

மைக் கேபிள் பரவாயில்லை. அதில் உள்ளே இரண்டு கம்பிகள் இருக்கும். ஒன்றை பிளக்கின் நுனிக்குக் கொடுங்கள். இன்னொன்றை ஷீல்டோடு சேர்த்து ஸ்லீவுக்கு (நுனிக்குப் பின்னால் உள்ள நீண்ட உலோகத் தண்டு) கொடுத்துவிடலாம். ஆனால் கிட்டாருக்கென்றே விற்கும் ஒயர் இன்னும் நல்லது. ஒரே ஒரு நடுக்கம்பி, அதைச் சுற்றி இன்சுலேஷன், அதன் மேல் ஒரு கறுப்பு உறை, பிறகு செம்பு இழைகளால் ஆன ஷீல்டு, கடைசியாக வெளி உறை என்று இருக்கும். ஷீல்டு பின்னலாகவோ சுருளாகச் சுற்றியதாகவோ இருக்கட்டும். அலுமினியத் தாள் ஷீல்டு அசையாத இடத்துக்கு ஏற்றது. மேடையில் மடங்கி மடங்கிப் போகும் கேபிளில் அது கிழிந்துவிடும்.

புதிதாக ஒரு கேபிள் செய்தேன். மல்டிமீட்டரில் பீப் சோதனை (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும்) சரியாக இருக்கிறது. ஆனால் ஒலி மங்கலாகவும் கரகரப்பாகவும் வருகிறது. எங்கே தப்பு?

பெரும்பாலும் மேலே சொன்ன அந்தக் கறுப்பு உறையில்தான். கேபிள் செய்பவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கேபிளை மிதித்தாலோ ஆட்டினாலோ ஷீல்டும் இன்சுலேஷனும் ஒன்றோடொன்று உரசி நிலைமின்னூட்டம் உண்டாகும். ஆம்பில் அது 'டப் டப்' என்று கேட்கும். அந்த மின்னூட்டத்தை வடியவிடத்தான் இன்சுலேஷனுக்கு மேலே கறுப்பு பிளாஸ்டிக் உறை போடுகிறார்கள். பார்க்க சாதாரண பிளாஸ்டிக் மாதிரியே இருக்கும், ஆனால் அதில் கார்பன் கலந்திருக்கிறது, கொஞ்சம் மின்சாரம் கடத்தும். நுனி வரை அதை அப்படியே விட்டுவிட்டால் நடுக்கம்பியையும் ஷீல்டையும் அது லேசாக இணைத்துவிடும். சிக்னலில் ஒரு பகுதி அதன் வழியே ஷீல்டுக்குக் கசிந்து போகும்.

பீப் சோதனையில் இது மாட்டாது. சில பத்து ஓம்களுக்குள் இருந்தால்தான் பெரும்பாலான மீட்டர்கள் பீப் அடிக்கும். மீட்டரை ஓம் அளவீட்டுக்கு மாற்றி, அதிலேயே பெரிய ரேஞ்சில் வைத்து, நுனிக்கும் ஸ்லீவுக்கும் நடுவே பாருங்கள். கேபிளின் மறுமுனை எதிலும் செருகாமல் இருக்க வேண்டும். எண்ணே வராமல் திறந்த இணைப்பு என்று காட்டினால்தான் சரி. கிலோ ஓம், மெகா ஓம் என்று ஏதாவது காட்டினால் கறுப்பு உறை எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது.

சரிசெய்வது எளிது. கறுப்பு உறையைச் சுற்றிலும் பிளேடால் லேசாகக் கீறி, நகத்தால் உரித்து இழுங்கள். நடுக்கம்பியின் செம்பு தொடங்கும் இடத்திலிருந்து குறைந்தது 4, 5 மி.மீ. தூரத்துக்கு உள் இன்சுலேஷன் மட்டும் சுத்தமாகத் தெரிய வேண்டும். கீறும்போது இன்சுலேஷனை வெட்டிவிடாதீர்கள்.

சால்டர் ஒட்டவே மாட்டேன் என்கிறது, உருண்டை உருண்டையாக விழுகிறது.

சூடு போதவில்லை, அல்லது பரப்பு சுத்தமாக இல்லை. பிளக்கின் ஸ்லீவ் பக்கத் தகடு பெரியது, சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். 25 வாட் சால்டரிங் அயர்ன் அங்கே திணறும், 40 முதல் 60 வாட் வரை வைத்துக்கொள்ளுங்கள். 63/37 வெள்ளீயம், ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியில் சட்டென்று உருகி சட்டென்று இறுகும், பழகுபவர்களுக்கு அதுதான் வசதி. ஈயம் இல்லாத வகைகளில் பலவற்றுக்கு 217 டிகிரியோ அதற்கு மேலோ தேவை. ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்காகப் பரப்பைச் சுத்தமாக்கும் பொருள்) என்றால் ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும் பயன்படுத்துங்கள். தண்ணீர்க் குழாய் வேலைக்கான ஆசிட் ஃப்ளக்ஸ் கம்பியை அரித்துவிடும்.

முதலில் பிளக்கின் மூடி, உள்ளே வரும் பிளாஸ்டிக் குழாய், ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி இறுகும் குழாய்) எல்லாவற்றையும் கேபிளில் கோத்துவிடுங்கள். சால்டர் ஆன பிறகு அவற்றை உள்ளே நுழைக்க முடியாது. அடுத்து, கம்பியிலும் தகட்டிலும் தனித்தனியாக மெல்லிய சால்டர் பூச்சு கொடுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து அயர்னால் தொட்டாலே ஒன்றாகிவிடும். ஆறும் வரை கை அசையக் கூடாது. ஒரு பழைய ஜாக்கில் பிளக்கைச் செருகி வைத்துக்கொண்டால் ஆடாமல் நிற்கும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கும் சீக்கிரம் இளகாது.

கடைசியில் பிளக்கின் காதுகளை (கேபிளைப் பிடிக்கும் தகட்டு மடிப்புகள்) வெளி உறையின் மேல் மடக்கி இறுக்குங்கள். இழுவை முழுவதையும் அந்தப் பிடிதான் தாங்க வேண்டும், சால்டர் தாங்கக் கூடாது. அதற்காக நசுக்கியும் விடாதீர்கள், ஷீல்டு இழைகள் உள்ளே குத்தி ஷார்ட் ஆகிவிடும். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

தங்க முலாம் பிளக், ஆக்சிஜன் இல்லாத செம்பு: வித்தியாசம் கேட்குமா?

கேட்காது. தங்க முலாம் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் உறுதியான பிடி உள்ள பிளக் வாங்குங்கள்.

நீளமான கேபிள் போட்டால் ஒலி மங்குகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. கேபிளின் தரத்தில் காதுக்குத் தெளிவாகத் தெரியும் விஷயம் இது. நடுக்கம்பியும் ஷீல்டும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டராக வேலை செய்கின்றன. அதன் மின்தேக்குத் திறன் ஒயரைப் பொறுத்து மீட்டருக்கு 70 முதல் 150 பிகோஃபாரட் வரை இருக்கும். பிக்கப்பின் சுருளோடு இது சேரும்போது ஓர் ஒத்ததிர்வு உச்சம் உண்டாகிறது. அதற்கு மேலே உள்ள கூர்மை எல்லாம் சரிந்துவிடும். 2.5 ஹென்றி மின்தூண்டல் உள்ள பிக்கப்போடு 500 பிகோஃபாரட் சேர்ந்தால் உச்சம் சுமார் 4,500 ஹெர்ட்ஸில் விழும். 1,000 பிகோஃபாரட் ஆனால் 3,200க்கு இறங்கிவிடும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் ஒயரில் இது 5 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம்.

அதனால் தேவைக்கு மேல் நீளம் வைக்காதீர்கள். நீளம் கட்டாயம் என்றால் கிட்டாருக்குப் பக்கத்திலேயே ஒரு பஃபர் பெடல் (கேபிளின் பாதிப்பு ஏறாதபடி சிக்னலை வலுவாக்குவது) போடுங்கள். ஆக்டிவ் பிக்கப் (பேட்டரியில் இயங்குவது) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

சார், எல் வடிவ பிளக் போடலாமா?

கிட்டாரின் பக்கவாட்டில் ஜாக் இருந்தால் தாராளமாக. ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி முன்பக்கம் குழிந்த ஜாக் என்றால் நேரான பிளக்தான் முழுதாக உள்ளே போகும்.

இதே கேபிளை ஆம்ப் ஹெட்டிலிருந்து (பெருக்கும் பகுதி) கேபினட்டுக்கு (ஸ்பீக்கர் பெட்டி) போடலாமா?

கூடவே கூடாது. பிளக் ஒன்றுதான், 6.35 மி.மீ., பொருந்தவும் செய்யும், ஆபத்தும் அதுதான். அங்கே ஓடுவது பெரிய மின்னோட்டம், கிட்டார் கேபிளின் மெல்லிய நடுக்கம்பி சூடாகும். அறுந்துபோனால் வால்வு ஆம்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம். அங்கே தடித்த ஸ்பீக்கர் கேபிள் போடுங்கள்.

என் பழைய வார்ப்பு கேபிளில் ஒலி விட்டு விட்டு வருகிறது. காப்பாற்ற முடியுமா?

முடியும். மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, மீட்டரின் இரண்டு முனைகளையும் இரண்டு பிளக்குகளின் நுனிகளில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முனையாக மெல்ல மடக்கிப் பாருங்கள். பீப் நிற்கும் முனையில்தான் கோளாறு. ஸ்லீவையும் அப்படியே பாருங்கள். பெரும்பாலும் பிளக்கை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள்தான் அறுந்திருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டு, திருகு மூடி உள்ள பிளக் போடுங்கள்.

அண்ணா, அக்கூஸ்டிக் கிட்டாரில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. நான் செய்த கேபிள் காரணமா?

கேபிள் மேல் தப்பு இல்லை தம்பி. ப்ரீஆம்ப் (கிட்டாருக்குள்ளேயே சிக்னலைப் பெருக்கும் சிறு சர்க்யூட்) உள்ள கிட்டார்களில் பலவற்றில் ஸ்டீரியோ ஜாக் இருக்கும். நம் மோனோ பிளக்கைச் செருகும்போது அதன் நீண்ட ஸ்லீவ், ஜாக்கின் இரண்டு தொடுமுனைகளை இணைத்து பேட்டரியை ஆன் செய்கிறது. பிளக் உள்ளே இருக்கும் வரை, வாசிக்காவிட்டாலும் பேட்டரி ஓடிக்கொண்டுதான் இருக்கும். வாசித்து முடித்ததும் உருவிவிடுங்கள்.