கணக்கு.லோக்கல் எங்கே போனது? - சர்வர் கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் இரண்டு லினக்ஸ் சர்வர்கள். ஒன்றில் வெப் அப்ளிகேஷன், இன்னொன்றில் டேட்டாபேஸ். வெப் சர்வரின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினோம். அன்றிலிருந்து 'கணக்கு.லோக்கல்' என்ற டேட்டாபேஸ் சர்வரைத் தெரியவே தெரியாது என்கிறது. ஐபி முகவரியைக் கொடுத்தால் உடனே இணைகிறது. பழைய பதிப்பில் இருக்கும் மற்ற கணினிகளில் அதே பெயர் ஒழுங்காக வேலை செய்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் (பெயரையும் முகவரியையும் கணினிக்குள்ளேயே எழுதி வைக்கும் கோப்பு) ஒரு வரி எழுதி முடித்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் அதைச் செய்து பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு அப்கிரேடு முடிந்த இரவில், பதினொரு கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டேட்டாபேஸ் சர்வரின் முகவரியை எழுதி வைத்தேன். காலையில் எல்லாம் ஓடியது. எட்டு மாதம் கழித்து டேட்டாபேஸைப் புது இயந்திரத்துக்கு மாற்றினோம், பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிலும் முகவரியை மாற்றினோம். எழுதிய வரிகளை எடுக்கும்போது இரண்டு கணினிகளை மறந்துவிட்டேன். அவை இரண்டும் பழைய சர்வரிலேயே பதிவுகளை எழுதிக்கொண்டிருந்தன, அதுவும் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல். பிரிந்து கிடந்த பதிவுகளை ஒன்றுசேர்க்க மூன்று நாள் ஆனது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய வரி டிஎன்எஸ்ஸை முந்திக்கொண்டு பதில் சொல்லும். ஊரெல்லாம் முகவரி மாறினாலும் அந்த ஒரு கணினிக்குத் தெரியாது.

சரி, உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. ஐபி முகவரியில் இணைகிறது என்றால் நெட்வொர்க்கிலும் டேட்டாபேஸிலும் கோளாறு இல்லை. மற்ற கணினிகளுக்குப் பெயர் தெரிகிறது என்றால் டிஎன்எஸ் பதிவும் சரி. மாறியிருப்பது ஒன்றுதான்: அந்த வெப் சர்வர் பெயரை யாரிடம், எந்த வரிசையில் கேட்கிறது என்பது.

அதை உறுதிசெய்ய இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். முதலில் 'டிக்' கட்டளையில் உங்கள் டிஎன்எஸ் சர்வரின் முகவரியைச் சேர்த்து, அதனிடமே நேராகப் பெயரைக் கேளுங்கள். அடுத்து 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' கட்டளையில் அதே பெயரைக் கேளுங்கள். முதலாவது வழியில் நடுவில் யாரும் இல்லை. இரண்டாவது, உங்கள் அப்ளிகேஷன் போகும் வழியிலேயே போகும்: ஈடிசி கோப்புறையில் உள்ள 'என்எஸ்ஸ்விட்ச்' கோப்பைப் பார்த்து, அதில் எழுதியிருக்கும் வரிசைப்படி ஹோஸ்ட்ஸ் கோப்பு, எம்டிஎன்எஸ் (என்னவென்று கீழே சொல்கிறேன்), டிஎன்எஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். முதல் கேள்விக்குப் பதில் வந்து இரண்டாவதற்கு வரவில்லை என்றால், கோளாறு அந்தக் கணினிக்குள்தான். டிஎன்எஸ் சர்வரைத் தொடவே வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த '.லோக்கல்' என்ற வாலை. ஒரு காலத்தில் அலுவலகத்துக்குள் வைக்கும் பெயர்களுக்கு எல்லோரும் அதைத்தான் போட்டார்கள். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 என்ற இணைய விதிமுறை ஆவணம், அந்த வாலை எம்டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. எம்டிஎன்எஸ் என்பது டிஎன்எஸ் சர்வரே இல்லாமல், பக்கத்தில் இருக்கும் கணினிகளைக் கூவிக் கேட்கும் முறை. புதிய பதிப்புகளில் பெயர் தேடும் வேலையை 'சிஸ்டம்டி-ரிசால்வ்டு' எடுத்துக்கொண்டிருக்கும். தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், அது '.லோக்கல்' பெயர்களை உங்கள் டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்பாது. அதாவது உங்கள் கேள்வி டிஎன்எஸ் சர்வரின் வாசல்வரை போகவே இல்லை.

'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று கொடுத்துப் பாருங்கள். எந்த நெட்வொர்க் கார்டு எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்கிறது, எந்த டொமைன்களுக்கு என்று காட்டும். தற்காலிகமாக, ரிசால்வ்டு அமைப்புக் கோப்பில் 'டொமைன்ஸ்' என்ற வரியில் அலைக்குறி போட்டு 'லோக்கல்' என்று சேர்த்து, அதே கோப்பில் 'டிஎன்எஸ்' வரியில் உங்கள் டிஎன்எஸ் சர்வரின் முகவரியையும் கொடுத்தால், அந்தப் பெயர்கள் மறுபடி அந்த சர்வருக்குப் போகும். என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் எம்டிஎன்எஸ்ஸை அடுத்து 'நாட்ஃபவுண்ட் என்றால் திரும்பு' என்ற பொருளில் ஓர் அடைப்புக்குறி இருந்தால் அதையும் கவனியுங்கள். தேடல் அங்கேயே நின்றுவிடும்.

எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று எழுதியிருக்கும் 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பைக் கையால் திருத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உபுண்டு போன்றவற்றில் அது இப்போது வேறொரு கோப்பைக் காட்டும் இணைப்பு மட்டுமே. உள்ளே 127.0.0.53 என்று இருந்தால் அது ரிசால்வ்டுவின் முகவரி. நீங்கள் அங்கே எழுதுவது நிலைக்காது.

நிரந்தரமான வழி, பெயரையே மாற்றுவது. உங்களுக்குச் சொந்தமாக ஒரு டொமைன் இருந்தால் அதன் கீழ் ஒரு துணை டொமைன் வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் அதுதான் கடைசிவரை தொல்லை தராதது. இல்லையென்றால் '.இன்டர்னல்' இருக்கிறது. தனியார் நெட்வொர்க்குகளுக்காக அதை 2024-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒதுக்கி வைத்தது. ஒரே நாளில் மாற்றாதீர்கள். புதுப் பெயரையும் பழைய பெயரையும் டிஎன்எஸ்ஸில் சேர்ந்து ஓட விடுங்கள். சான்றிதழ் பயன்படுத்தினால் இரண்டு பெயர்களும் அதில் இருக்க வேண்டும். பிறகு அப்ளிகேஷன்களை ஒவ்வொன்றாகப் புதுப் பெயருக்கு மாற்றிக்கொண்டே, டிஎன்எஸ் சர்வரின் லாகில் பழைய பெயரை இன்னும் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் ஒரு ஸ்கிரிப்ட் எங்காவது ஒளிந்திருக்கும். அதனால் ஒரு மாதமாவது முழுசாகப் போகட்டும், அப்புறம் பழைய பெயரை எடுங்கள்.

கேள்வி: அப்கிரேடுக்குப் பிறகு சர்வரின் பெயரைத் திருத்துகிறேன். ரீஸ்டார்ட் செய்தால் பழைய பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நிர்வாகி (ரூட்) அதிகாரத்தோடு கட்டளை கொடுக்க 'சூடு' போடும்போதெல்லாம் ஹோஸ்டின் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் எச்சரிக்கிறது.

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறுகள். 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' மூலம் மாற்றியும் பெயர் திரும்புகிறது என்றால், 'கிளவுடு-இனிட்' என்ற நிரல் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக்கு எடுக்கும் சர்வர்களில் பெரும்பாலும் இருக்கும். இயந்திரம் எழும்போது தனக்குச் சொல்லப்பட்ட பெயரை அது மறுபடி எழுதிவிடும். அதன் அமைப்புக் கோப்பில் 'பிரிசர்வ் ஹோஸ்ட்நேம்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள்.

சூடு எச்சரிக்கைக்குக் காரணம், ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயரே இருப்பது. டெபியன் குடும்பத்தில் 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் புதுப் பெயரை எழுதினால் போகும். (மேலே வேண்டாம் என்று சொன்னது அடுத்த சர்வரின் முகவரியை எழுதுவதை. தன் பெயரைத் தானே தெரிந்துவைத்துக்கொள்வது தவறில்லை.) அந்த வரியும் திரும்பத் திரும்ப மாறினால், கிளவுடு-இனிட்டில் 'மேனேஜ் ஈடிசி ஹோஸ்ட்ஸ்' இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். பெயரில் அடிக்கோடு சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எழுத்து, எண், நடுக்கோடு இவை மட்டும்தான் ஹோஸ்ட் பெயரில் வரலாம்.

கேள்வி: பழைய சர்வரை அழித்துப் புதிய பதிப்பை நிறுவி, அதே பெயரை வைத்தேன். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சில் நுழையப் போனால், அடையாளம் மாறிவிட்டது, யாரோ நடுவில் புகுந்திருக்கலாம் என்று பெரிய எச்சரிக்கை. எல்லோரையும் பழைய பதிவை அழித்துவிட்டு 'எஸ்' (ஆம்) கொடுக்கச் சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஒருமுறை அப்படிப் பழக்கிவிட்டால், நிஜமாகவே யாராவது நடுவில் புகுந்த அன்றும் எல்லோரும் 'எஸ்' கொடுப்பார்கள். புதிதாக நிறுவும்போது, சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் சாவிகளும் புதிதாக உருவாகின்றன. எச்சரிக்கை அதனால்தான். சர்வரின் கன்சோலில் உட்கார்ந்து, 'எஸ்எஸ்எச்-கீஜென்' கட்டளையை 'எல்', 'எஃப்' விருப்பங்களோடு கொடுத்து, புதுச் சாவியின் கைரேகையை (அதன் சுருக்க அடையாளத்தை) எடுங்கள். அதை உங்கள் குழுவுக்கு நம்பகமான வழியில் அனுப்புங்கள். அவர்கள் தங்கள் கணினியில் அந்த ஒரு பெயருக்கான பழைய பதிவை மட்டும் அழித்துவிட்டு, திரையில் வரும் கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்து நுழையட்டும்.

அடுத்த முறை, அழிப்பதற்கு முன் ஈடிசி கோப்புறைக்குள் 'எஸ்எஸ்எச்' கோப்புறையில் 'ஹோஸ்ட் கீ' என்று பெயரில் வரும் கோப்புகளைப் பத்திரமாக எடுத்து வைத்து, புது நிறுவலில் போடுங்கள். தனிச் சாவிகளை ரூட் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதியைச் சரிசெய்ய மறக்க வேண்டாம், இல்லையென்றால் எஸ்எஸ்எச் அவற்றை ஏற்காது. பழைய சர்வரில் யாராவது அத்துமீறி நுழைந்திருக்கலாம் என்ற சந்தேகத்தால்தான் அழித்தீர்கள் என்றால் மட்டும் பழைய சாவியைத் திரும்பப் போடாதீர்கள். புதுச் சாவியே இருக்கட்டும்.