ஐசிபி-எம்எஸ் படிப்புக்குப் பணம் கட்டும் முன்

வணக்கம் அம்மா. மகள் பிஎஸ்சி வேதியியல் கடைசி ஆண்டு, உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்க ஆசைப்படுகிறாள், உணவில் உள்ள உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியைச் சொல்லித்தரும் குறுகியகாலப் படிப்பில் சேர்க்கலாமா, அமிலத்தோடு வேலை என்பது பயமாக இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம்.

கருவி அருமையானதுதான். ஈயம், காட்மியம் போன்ற நஞ்சுகளையும் இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகளையும் ஒரே ஓட்டத்தில் அளந்துவிடும். ஆனால் அதை இயக்க வேலையில் சேர்ந்த பிறகும் பழகிக்கொள்ளலாம். அது காட்டும் எண்ணை எப்போது நம்பக் கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் ஆய்வகத்தில் மதிப்பு.

கருவாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அரை கிராம் போல எடுத்து நைட்ரிக் அமிலத்தில் கரைத்துக் கருவிக்குள் விட்டால், ஆர்சனிக் என்ற நஞ்சு எகிறிக் காட்டலாம். ஆர்சனிக்கின் நிறை எண் 75. கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவுக்கு 40, கருவாட்டு உப்பில் உள்ள குளோரினுக்கு 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் அதுவும் 75! உப்பை ஆர்சனிக் என்று எழுதிவிடாமல் இருக்க, ஹீலியம் வாயுவை விட்டு அந்தப் போலியை வடிகட்டுவார்கள். சரி, அப்புறமும் ஆர்சனிக் இருந்தால்? கடல்மீனில் பெரும்பகுதி ஆர்சனோபீட்டைன் என்ற வடிவில் இருக்கும். அது நஞ்சாகக் கருதப்படுவதில்லை. அரிசியில் கதை வேறு. அங்கே கனிம ஆர்சனிக் இருக்கும், கெடுதல் செய்வது அதுதான். தீட்டிய அரிசியில் அதற்கு, சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்த வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். இதற்கெல்லாம் அடிப்படை, மகள் இப்போது படிக்கும் பாடத்திலேயே இருக்கிறது.

2015-இல் மேகி நூடுல்ஸில் ஈயம் என்று நாடே பேசியது நினைவிருக்கும். வரம்பு 2.5 பிபிஎம் (கிலோவுக்கு 2.5 மில்லிகிராம்), கொல்கத்தா ஆய்வகம் 17.2 என்றது. மேகிக்குத் தடை வந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. சோதித்த ஆய்வகங்களுக்கு உரிய அங்கீகாரம் இல்லை என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதனால் மகள் எங்கே விண்ணப்பித்தாலும், அந்த ஆய்வகத்துக்கு, ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் உண்டா, அதில் உணவில் உலோகச் சோதனையும் அடங்குமா என்று முதலில் பாருங்கள்.

அமிலத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. புகை உறிஞ்சும் ஹூட், கையுறை, கண்ணாடி இல்லாத இடத்தில் ஒருநாளும் வேலை செய்யக் கூடாது என்று சொல்லி வையுங்கள். இன்னொன்று, ஆரம்பத்தில் பாத்திரங்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவதே பெரிய வேலையாக இருக்கும். தூசியில் ஒட்டிவரும் துத்தநாகம்கூட முடிவைக் கெடுத்துவிடும். சம்பளமும் தொடக்கத்தில் பெரிதாக இருக்காது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகரிக்கும் உணவுப் பகுப்பாய்வாளர் ஆவதுதான் நல்ல இலக்கு. வேதியியல் வழியில் வருபவருக்கு அதற்கு முதுகலைப் பட்டம், உணவுப் பகுப்பாய்வில் 3 ஆண்டு அனுபவம், பிறகு அவர்கள் நடத்தும் தேர்வு. ஆகவே அந்தப் பணத்தை எம்எஸ்சிக்கு வையுங்கள். கடைசி ஆண்டு ப்ராஜெக்டைக் கல்லூரிக்குள்ளேயே முடித்துவிடாமல், ஓர் உணவு ஆய்வகத்தில் செய்ய இப்போதே துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கச் சொல்லுங்கள்.