நீல முடிக்கு நிறமான உடுப்புப் பொருந்துமா?

முடிக்கு மயில்நீலம் அடித்திருக்கிறீர்கள், நிறமான உடுப்புகள்தான் விருப்பம், ஆனால் இனி கறுப்பும் வெள்ளையும்தான் சரிவரும் என்று வீட்டில் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலை, என் முடி ஊதா. தாராளமாக நிறம் உடுக்கலாம்.

முடியையும் உடுப்பில் ஒரு பகுதியாகக் கணக்கெடுங்கள். நம்முடைய பட்டுச் சேலைகளைப் பாருங்கள்: கிளிப்பச்சைக்கு அரக்குக் கரை, மாம்பழ மஞ்சளுக்கு ஊதாக் கரை. இரண்டு சோடியும் நிற வட்டத்தில் ஒன்றுக்கொன்று எதிரே நிற்கும் எதிர் நிறங்கள். ஆனாலும் கண்ணை உறுத்தாது, ஏனென்றால் ஒன்று பரந்து கிடக்கிறது, மற்றது ஒடுங்கி நிற்கிறது. உங்கள் முடிதான் அந்தக் கரை. ஒரு கல்யாணத்துக்கு அம்மாவின் மஞ்சள் பட்டை நான் உடுத்தியபோது, ஊதாக் கரையும் தோளில் விழுந்த முடியும் ஒரே தறியில் நெய்தது போலிருந்தன. "வடிவாய்த்தான் இருக்கு பிள்ளை" என்று அம்மாவே சொன்னா.

நீலத்துக்கு எதிர் நிறம் செம்மஞ்சள். ஆனால் பளீரென்ற செம்மஞ்சளைத் தலை முதல் கால் வரை போட்டால் முடியும் உடுப்பும் போட்டி போடும். ஒன்று பளிச்சென்றால் மற்றது கொஞ்சம் அடங்க வேண்டும்: செங்கல் நிறம், மாந்தளிர் நிறம், கடுகு மஞ்சள். பளிச்சென்ற செம்மஞ்சள்தான் வேண்டுமென்றால் அளவைக் குறையுங்கள். நீல முடியில் ஒரு முழம் கனகாம்பரம் வைத்துப் பாருங்கள், அப்படி எடுக்கும்! மல்லிகையை விட எனக்கு அதுதான் பிடிக்கும்.

எதிர் நிறம் வேண்டாமென்றால் பக்கத்து நிறங்களுக்குப் போகலாம். நீலத்துக்குப் பச்சையும் ஊதாவும். மூன்றையும் ஒரே அழுத்தத்தில் போடாமல் ஒன்று கடும் நிறம், ஒன்று வெளிர் நிறமாக இருக்கட்டும். கழுத்தை ஒட்டி வரும் துணியை மட்டும் கவனமாகத் தெரிவு செய்யுங்கள், முடிக்குப் பக்கத்தில் நிற்பது அதுதான். பாவாடையோ காற்சட்டையோ எந்த நிறமானாலும் பெரிய வித்தியாசமில்லை.

வெளிச்சத்தையும் பாருங்கள். உப்புவெளிக் கடற்கரையில் நண்பகல் வெயிலுக்கு வெளிர் நிறங்கள் எல்லாம் வெளுத்துத் தெரியும், அழுத்தமான நிறம்தான் தாக்குப்பிடிக்கும். பின்னால் கடலும் வானமும் நீலமாக இருக்கும்போது நீல முடிக்கு மஞ்சளோ பவளமோ உடுத்தால் படத்தில் ஆள் எடுப்பாகத் தெரிவார். இரவு மண்டபத்தில் மஞ்சள் பல்பு என்றால் கடும் நீலம் கறுப்பாகத்தான் தெரியும். சரிகையோ பளபளப்பான துணியோ அங்கே கைகொடுக்கும்.

இதைவிட முக்கியமானது, அந்த நீலம் அப்படியே இருக்காது. இந்த மாதிரிப் பளிச் நிறங்கள் பெரும்பாலும் முடியின் மேற்பரப்பிலேயே தங்குபவை. ஒவ்வொரு முழுக்கிலும் கொஞ்சம் போகும், வெயிலும் கடல் தண்ணீரும் இன்னும் வேகமாக எடுக்கும். ப்ளீச் பண்ணிய முடியில் அடியில் மஞ்சள் இருப்பதால், நீலம் மங்க மங்கப் பச்சை தட்டும். அப்போது செம்மஞ்சளை விடப் பவளச் சிவப்பும் செம்மண் நிறமும் நன்றாக ஒட்டும். அதாவது டை அடித்த அன்று இருந்த நிறத்துக்கு அல்ல, இன்று கண்ணாடியில் தெரியும் நிறத்துக்கு உடுங்கள். கடலில் இறங்கு முன் முடியை நல்ல தண்ணீரில் நனைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கட்டிக்கொள்ளுங்கள், உப்புத் தண்ணீர் குறைவாக ஊறும். வெள்ளிக்கிழமை முழுகிவிட்டுக் கோயிலுக்குப் போகிற வழக்கமிருந்தால் சுடுதண்ணீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரே போதும்.

புதிதாக அடித்த முதல் சில முழுக்கு வரை வெள்ளைக் கொலர் வைத்த சட்டை போடாதீர்கள். நம்ம ஊர் வியர்வைக்குக் கழுத்தில் நீலம் இறங்கும், பட்டில் பட்டால் எடுப்பது கஷ்டம். அந்த நாட்களில் கடும் நீலமோ கரும்பச்சையோ உடுத்து, பட்டு உடுக்க வேண்டி வந்தால் முடியைக் கொண்டையாகப் போடுங்கள்.

வீட்டாருக்கு முதலில் பூப்போட்ட துணியில் தொடங்குங்கள். மஞ்சளோ றோஸோ எந்த நிறச் சல்வாரானாலும், பூவிலோ இலையிலோ உங்கள் முடியின் நீலம் சிறிதாவது இருக்கிறதா என்று கடையிலேயே முடியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். ட்யூப் லைட்டில் பார்த்தது போதாது, வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள்.