தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே வயிறு

கேள்வி: சிப் முதல் அணு உலை வரை தயாரிக்கிற பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் 'தொழில் இடர்கள்' என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். நாணய மாற்று விகிதம், தாமிர விலை, நிலநடுக்கம், வழக்கு, கணினி ஊடுருவல் என்று எதுவும் பாக்கியில்லை. இத்தனை தொழில் கையில் இருக்கும்போது ஒன்று சரிந்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளாதா? இந்தப் பட்டியல் வெறும் சடங்குதானே?

பதில்: பட்டியல் சடங்குதான், அதில் உங்களோடு சண்டையில்லை. ஆனால் 'ஒன்று சரிந்தால் இன்னொன்று தாங்கும்' என்பதை மட்டும், 2006இல் தோஷிபா பங்கை வாங்கி வைத்துக்கொண்டவர் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அடிக்க வருவார்.

தோஷிபாவைவிடப் பலதொழில் கம்பெனியைக் கற்பனை செய்வதே கஷ்டம். 1875இல் டோக்கியோவில் தனகா ஹிசாஷிகே என்ற கைத்தொழில் மேதை தந்திக் கருவி செய்யப் பட்டறை போட்டார். அதன் வாரிசுக் கம்பெனியும் பல்பு தயாரித்த கம்பெனி ஒன்றும் 1939இல் இணைந்ததுதான் தோஷிபா. லிஃப்ட், டிவி, குளிர்சாதனப் பெட்டி, மருத்துவமனை ஸ்கேன் கருவி, நீராவி டர்பைன், மடிக்கணினி என்று எதை விட்டார்கள்? உங்கள் போனில் படங்களைச் சேமித்து வைக்கிற நாண்ட் ஃபிளாஷ் நினைவகமும் 1980களில் அங்கே பிறந்ததுதான்.

உங்கள் கணக்கு பலித்த இடங்களும் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெச்டி டிவிடி வட்டுகளைத் தோஷிபா தூக்கிப் பிடித்தது. 2008 பிப்ரவரியில் போட்டி வட்டான புளூ-ரேயிடம் தோற்றுக் கைவிட்டது. 2011 தாய்லாந்து வெள்ளத்தில் அதன் ஹார்டு டிஸ்க் ஆலை மூழ்கியது. இரண்டிலும் நஷ்டம்தான், ஆனால் கம்பெனி விழவில்லை. மற்ற தொழில்கள் தாங்கின. வெள்ளம், நிலநடுக்கம், தாமிர விலை, யென் மதிப்பு எல்லாம் ஓர் ஆலையைக் கடிக்கும், ஓராண்டு லாபத்தைக் கடிக்கும். ஆண்டறிக்கைகளில் இவற்றைத் தாராளமாக எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு அதனால் சங்கடம் ஒன்றுமில்லையே. வானத்தையும் சந்தையையும் கைகாட்டிவிடலாம்.

மொத்தக் கம்பெனியையும் சாய்ப்பவை வேறு. முதலாவது, பெயர். 1980களின் தொடக்கத்தில் தோஷிபாவின் துணை நிறுவனம் ஒன்று, நீர்மூழ்கிக் கப்பலின் சுழல்விசிறியைச் சத்தமில்லாமல் ஓடுமளவுக்குத் துல்லியமாகக் கடையக்கூடிய எந்திரங்களை, ஏற்றுமதித் தடையை மீறிச் சோவியத் யூனியனுக்கு விற்றது. 1987இல் விஷயம் வெடித்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் முன் நின்று, சம்மட்டியால் ஒரு தோஷிபா ரேடியோவை அடித்து நொறுக்கினார்கள். ரேடியோ என்ன பாவம் செய்தது? பெயர் ஒன்று, அவ்வளவுதான். தாய் நிறுவனத்தின் தலைவர் பதவி விலக வேண்டியதாயிற்று.

இரண்டாவது, இதைவிடக் கொடியது: ஜாமீன் கையெழுத்து. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். கம்பெனிச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. துணை நிறுவனம் திவாலானால், போட்ட முதல் போகும். தாயின் சொத்துக்குக் கடன்காரர் வர முடியாது. ஆனால் மின் நிலையம் கட்டச் சொல்கிறவர் ஏமாளி இல்லை. 'உன் பிள்ளை முடிக்காவிட்டால் நீ பொறுப்பு' என்று தாயிடம் எழுதி வாங்கிக்கொள்வார். அந்தக் கையெழுத்து விழுந்த நொடியில் வயிறு ஒன்றாகிவிடுகிறது.

தோஷிபா 2006இல் அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் அணு உலைக் கம்பெனியை 540 கோடி டாலர் விலைக்குப் பேசி வாங்கியது. 2008இல் ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் நான்கு உலைகள் கட்ட வெஸ்டிங்ஹவுஸ் ஒப்பந்தம் போட்டது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து. அணு உலை கேட்டு வந்துகொண்டிருந்த நாடுகள் பின்வாங்கின. அமெரிக்க உலைகளோ, வரைபடமே முழுதாக முடியாத புது வடிவம்; வேலை இழுத்தது, செலவு ஏறியது, கூட்டு ஒப்பந்தக்காரரோடு 'தாமதம் யாரால்' என்று தகராறு. அதை முடிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள் பாருங்கள்: தகராறு செய்த கட்டுமானப் பிரிவையே 2015 கடைசியில் வெஸ்டிங்ஹவுஸ் வாங்கிக்கொண்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஓராண்டு கழித்து, நூற்றுக்கணக்கான கோடி டாலர் நஷ்டம் வரும் என்று தோஷிபா அறிவித்தது. 2017 மார்ச் 29 அன்று வெஸ்டிங்ஹவுஸ் திவால் மனு போட்டது.

பிள்ளை திவால், சரி. தாய் தப்பினாளா? ஜார்ஜியா உலைகளுக்கான ஜாமீனுக்கு 368 கோடி டாலர், தென் கரோலினாவுக்குச் சுமார் 217 கோடி டாலர் என்று தோஷிபா கட்ட ஒப்புக்கொண்டது. 2017 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அதன் நஷ்டம் 96,570 கோடி யென். சொத்தைக் கடன் விழுங்கி, நிகர மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே போனது.

இங்கேதான் உங்கள் 'தாங்கிக்கொள்ளாதா' வருகிறது. தாங்கின, நன்றாகவே தாங்கின. எப்படி என்றுதான் பாருங்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஓட்டை உடைசலை விற்றுக் கடனடைக்க முடியாது. மடிக்கணினித் தொழிலில் 80 சதவீதத்தை விற்றதற்குக் கிடைத்தது வெறும் 400 கோடி யென். ஆகவே நல்லவை போயின. மருத்துவக் கருவித் தொழில் 2016இலேயே 66,550 கோடி யென்னுக்குக் கேனனிடம் போயிருந்தது. 2018 ஜூனில் நினைவகத் தொழில், தோஷிபாவின் லாபத்துக்கு உயிராக இருந்த தொழில், 2 லட்சம் கோடி யென்னுக்குப் போனது. இன்று அதன் பெயர் கியோக்ஸியா. ஊதாரித் தம்பிக்காக உழைக்கிற அண்ணனை விற்றார்கள்.

அந்த அண்ணனும் சாது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிப் விலை ஒரே ஆண்டில் பாதியாகலாம். விலை விழுகிற ஆண்டிலும் புது எந்திரத்துக்குப் பணம் கொட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் போட்டியாளர் முந்திவிடுவார். 2019 ஜூனில் அந்த நினைவகத் தொழிலின் யொக்காய்ச்சி ஆலையில் சுமார் 13 நிமிடம் மின்சாரம் போனது. உற்பத்தி முழுதாகப் பழைய நிலைக்கு வரப் பல வாரமாயிற்று. சிப்பின் கடிகாரம் நிமிடத்தில் ஓடுகிறது. அணு உலையின் கடிகாரம் பத்தாண்டில் ஓடுகிறது: இன்று விலைக்குக் கையெழுத்து, உண்மைச் செலவு தெரிவது கடைசியில். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பார்க்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? மூன்று மாதத்துக்கொரு முறை லாபம் காட்டச் சொல்லி இரண்டையும் ஒரே சாட்டையால் அடிப்பார்.

தோஷிபாவில் அந்தச் சாட்டைக்கு 'சேலஞ்ச்' என்று பெயர். மேலிடம் எட்ட முடியாத இலக்கைச் சொல்லும். கீழே இருப்பவர்கள் எப்படியாவது எட்டுவார்கள். நீண்டகால ஒப்பந்தத்தில் மொத்தச் செலவை உத்தேசித்து, முடிந்த வேலையின் விகிதப்படி லாபம் எழுதுவது வழக்கம். உத்தேசத்தைக் குறைத்து எழுதினால் லாபம் இன்றே வந்துவிடும். கணினித் தொழிலில் இன்னொரு வித்தை. உதிரிபாகங்களைப் பல மடங்கு விலைக்குச் சேர்ப்பு ஆலைக்காரரிடம் தள்ளிவிட்டு, கணினியாகத் திரும்பி வரும் முன்பே லாபம் எழுதிக்கொள்வது. 2015 ஜூலையில் விசாரணைக் குழு சொன்ன கணக்கு: 2008 முதல் ஏழு நிதியாண்டுகளில் சுமார் 15,180 கோடி யென் லாபம் ஊதப்பட்டிருந்தது. தலைவரும் அவருக்கு முந்தைய இரண்டு தலைவர்களும் ஒரே நாளில் விலகினார்கள். எந்த ஆண்டறிக்கையின் இடர்ப் பக்கத்திலாவது 'எங்கள் தலைவர்' என்று ஒரு பத்தி பார்த்திருக்கிறீர்களா?

பல தொழில் செய்வதே தப்பு என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹிட்டாச்சியும் அதே ஊர், அதே மாதிரிக் கடை. 2009 மார்ச்சில் முடிந்த ஆண்டில் அதற்கு 78,730 கோடி யென் நஷ்டம். அப்புறம் உட்கார்ந்து களையெடுத்தார்கள். பங்குச் சந்தையில் இருந்த 22 துணை நிறுவனங்களில் சிலவற்றை உள்ளே இழுத்தார்கள், மற்றவற்றை விற்றார்கள். பிரிட்டனின் வில்ஃபாவில் அணு மின் நிலையம் கட்டும் திட்டத்தை 2019 ஜனவரியில் நிறுத்தி, சுமார் 30,000 கோடி யென் நஷ்டத்தை ஒரே மூச்சில் விழுங்கினார்கள். கசப்பு மருந்துதான். ஆனால் அஸ்திவாரம் எழும்பும் முன்பே குடித்துவிட்டார்கள்.

ஆகவே ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் இடர்ப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளுக்குப் போங்கள். துணை நிறுவனங்களுக்காகக் கொடுத்த உத்தரவாதம் எவ்வளவு என்று ஒரு தொகை இருக்கும். அதைக் கம்பெனியின் நிகர மதிப்புக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வாங்கிய கம்பெனிகளுக்கு அதிகமாகக் கொடுத்த விலை 'நற்பெயர்' என்ற பெயரில் சொத்துக் கணக்கில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். அறிக்கையில் நான் முதலில் படிப்பது இந்த இரண்டு எண்களைத்தான்.

தோஷிபாவின் அறிக்கையைத் தேட வேண்டாம். 2017 கடைசியில் உயிர் பிழைக்க 60,000 கோடி யென்னுக்குப் புதுப் பங்கு விற்றது. வாங்கிய வெளிநாட்டு நிதியங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டன. மூன்றாகப் பிரிகிறோம் என்றது, பிறகு இரண்டு போதும் என்றது. 2022 மார்ச்சில் பங்குதாரர்கள் முடியாது என்றார்கள். ஜப்பானிய நிதியம் ஒன்றின் தலைமையில் வந்தவர்கள் மொத்தமாக வாங்கிக்கொள்ள, 2023 டிசம்பர் 20 அன்று, 74 ஆண்டுக்குப் பிறகு, அந்தப் பங்கு டோக்கியோ சந்தைப் பலகையிலிருந்து இறங்கியது. அதே ஆண்டு ஜூலையில்தான் ஜார்ஜியாவின் முதல் உலை, ஏழாண்டு தாமதமாக, வணிக ரீதியில் மின்சாரம் கொடுக்கத் தொடங்கியிருந்தது.