கயாக் எனும் சிறு படகிலிருந்து பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கும் போட்டிகளில் மீனை எடை போடாமல் நீளத்தை மட்டும் அளப்பது ஏன்?

முதற்காரணம் கயாக்கின் அளவுதான். பெரிய மோட்டார் படகுகளில், பிடித்த மீனை எடை போடும் நேரம் வரை உயிரோடு வைத்திருக்க நீர்த்தொட்டி உண்டு. ஒருவர் மட்டும் அமர்ந்து துடுப்பாலோ மிதியாலோ செலுத்தும் கயாக்கில் அதற்கு இடமில்லை. ஆகவே பிடித்த இடத்திலேயே அளந்து, படமெடுத்து, விட்டுவிடும் முறை அமெரிக்காவில் வேரூன்றியது.

அளப்பதில்தான் நுட்பமே இருக்கிறது. ஒரு முனையில் தடுப்புள்ள அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, மூடிய வாய் தடுப்பைத் தொட்டிருக்க, வால் நுனி எந்தக் கோட்டை எட்டுகிறது என்று பார்க்க வேண்டும். கால் அங்குல இடைவெளியில் உள்ள இரு கோடுகளுக்கு நடுவே வால் நுனி நின்றால் பொதுவாகக் குறைந்த அளவே கணக்கில் வரும். போட்டி தொடங்குவதற்குச் சற்று முன்னர் அறிவிக்கப்படும் அடையாளக் குறியீடும் படத்தில் தெரிய வேண்டும் என்பதால், பழைய படத்தை யாரும் அனுப்ப முடியாது. வாய் திறந்திருந்தால் நடுவர் நீளத்தைக் குறைக்கக்கூடும். பெரும்பாலும் மிக நீளமான 5 மீன்களின் கூட்டுத்தொகையே முடிவைத் தீர்மானிப்பதால், கால் அங்குலம்கூடத் தரவரிசையை மாற்றிவிடும்.

பலகையை முதலில் நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த பரப்பு மீனின் மேலுள்ள வழவழப்பான படலத்தை உரித்துவிடும். மீன் ஒரு முறை துள்ளினாலே பலகை நீருக்குள் போய்விடும் என்பதால், அதைக் கயாக்கோடு கயிற்றால் கட்டிவைப்பது நல்லது.

ஒரே நீளமுள்ள கொழுத்த மீனும் மெலிந்த மீனும் சமமாவது குறைதான் என்றாலும், இம்முறையே சிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்; வசந்தகாலத்தில் கூட்டைக் காக்கும் ஆண் பாஸ் அங்கிருந்து நீங்கியிருந்தால் சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும், உடனே விடப்படும் மீனோ பெரும்பாலும் கூட்டுக்குத் திரும்பிவிடும்.