அடுப்படியிலும் ஆஸ்பத்திரியிலும் விசுவாசம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆண்டவரின் நாமத்தில் எல்லோருக்கும் வாழ்த்துக்கள். நான் ஓய்வுபெற்ற நர்ஸ். பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த வட்டாரம்) 22 வருடமாகப் பெண்கள் ஐக்கிய சங்க வேதபாட வகுப்பு எடுக்கிறேன். அன்றாடப் பாடுகளுக்கு நடுவில் விசுவாசம் தளர்ந்துபோகிறதா, கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

அக்கா, எனக்கு நைட் ஷிப்ட். விடியும்போது வீடு வந்து படுத்தால் மதியம்தான் எழுந்திருக்கிறேன். வேதம் வாசித்து மாதக்கணக்கில் ஆகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் குற்ற உணர்ச்சிதான் வருகிறது.

தம்பி, அதிகாலை நாலு மணி ஜெபம் உங்கள் சட்டம் அல்ல. உங்களுக்கு எப்போது விடிகிறதோ அதுதான் காலை.

எங்கள் அம்மா உலை வைக்கும் முன், களைந்து போட எடுத்த அரிசியில் ஒரு பிடியை அள்ளித் தனியாக ஒரு மண்கலயத்தில் போடுவாள். மாதக் கடைசியில் அது கோவிலுக்குப் போகும். மழை பொய்த்த வருடங்களில் பிடி சின்னதானது, நாலு விரலால் கிள்ளிப் போட்டாள். ஆனால் கலயத்தைத் தொடாமல் அடுப்பு பற்றவைத்ததில்லை. ஜெபத்தை நான் கற்றுக்கொண்டது அந்தக் கலயத்தைப் பார்த்துத்தான்.

ஆகையால் சின்னதாக ஆரம்பியுங்கள். 117-ம் சங்கீதத்துக்கு இரண்டே வசனம். கம்பெனி வண்டியில் ஏறியதும் அதை வாசியுங்கள். மறுநாள் இன்னொரு சின்ன சங்கீதம். விட்டுப்போன மாதங்களுக்குச் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் தந்த மன்னா என்ற அப்பத்தைக்கூட அன்றன்றைக்குத்தான் பொறுக்கச் சொன்னார். மறுநாளுக்கு எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறிப்போனது.

அம்மாவுக்குப் புற்றுநோய். கீமோ போய்க்கொண்டிருக்கிறது. ஜெபிக்க வந்த சிலர், “விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு” என்கிறார்கள். அம்மா குழம்பிப்போய் மாத்திரையை வேண்டாம் என்கிறார்.

மாத்திரையை நிறுத்தவிடாதீர்கள் மகளே. கீமோ தேதியையும் தள்ளிப்போடாதீர்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

என் வார்டுக்கு ஒரு அம்மாவைத் தூக்கிவந்தார்கள். பல வருடமாக இன்சுலின் போட்டவர். ஏதோ ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து ஊசியை விட்டிருக்கிறார். சில நாளில் வாந்தி, மூச்சிரைப்பு, நினைவு தப்பிவிட்டது. ஆண்டவர் கிருபையால் பிழைத்தார். கண் விழித்ததும் அவர் தண்ணீர் கேட்கவில்லை, பிள்ளைகளைக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, “சிஸ்டர், எனக்கு விசுவாசம் பத்தலையோ?” என்றார். சாகப்போன மனுஷியின் தலையில் அந்தப் பாரத்தையும் ஏற்றி வைத்தவர்கள்மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை.

அம்மாவுக்கு யோவான் 9-ஐ வாசித்துக் காட்டுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு. பவுலின் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. பவுல் அவனிடம் விசுவாசம் போதாது என்று எழுதவில்லை. கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று எழுதினார். கூடப் பயணம் செய்த துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்து ஊரில் பவுல் விட்டுவர வேண்டியிருந்தது. பவுல் தன் மாம்சத்தில் ‘முள்’ என்று சொன்ன உபாதையோ, மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை. கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

நம் ஜில்லாவிலேயே பாருங்கள். டோனாவூரில் அத்தனை பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்தார். 1951-ல் கண்மூடும் வரை பெரும்பாலும் படுக்கைதான். அவருக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஜெபிக்க வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம். ஒரு சங்கீதம் வாசித்து, சின்னதாக ஜெபித்துவிட்டுப் போகட்டும். மருந்தைப் பற்றிப் பேசினால், “டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறோம்” என்று எழுந்து நில்லுங்கள். கீமோ முடிந்த நாட்களில் கஞ்சியோ ரசமோ வைத்துக் கொண்டுவர முடியுமா என்று அவர்களையே கேளுங்கள். அதுவும் ஊழியம்தான்.

கணவர் குடிக்கிறார். சில நாள் கையும் நீள்கிறது. “ஜெபம் பண்ணு, அடங்கி இரு” என்றுதான் சபையில் சொல்கிறார்கள்.

கை நீள்கிற வீட்டில் நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக இருப்பதுதான் முதல் காரியம். 181 பெண்கள் உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். பிறந்த வீட்டுக்கோ நம்பிக்கையானவர்கள் வீட்டுக்கோ போவது அவிசுவாசம் ஆகாது.

அப்புறம் 1 சாமுவேல் 25-ஐ நிதானமாக வாசியுங்கள். அபிகாயிலின் புருஷன் நாபால் முரடன். அவன் தாவீதின் ஆட்களை அவமதித்து, அவனால் வீட்டுக்கே ஆபத்து வந்தபோது அவள் அவனிடம் அறிவிக்காமலே அப்பமும் ஆடும் ஏற்றிக்கொண்டு போய், தாவீதின் கோபத்தைத் தணித்து, எல்லோர் உயிரையும் காப்பாற்றினாள். திரும்பி வந்தால் அவன் குடித்து வெறித்திருக்கிறான். பொழுது விடியும் வரை அவள் சிறிய காரியமோ பெரிய காரியமோ ஒன்றும் சொல்லவில்லை. போதை தெளிந்த பிறகுதான் பேசினாள். அவளைப் புத்திசாலி என்றுதான் வேதம் சொல்கிறது. நீங்களும் இரவில் பேசாதீர்கள். காலையில், கூட ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஒரு நர்ஸாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். உபவாசக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன, கட்டணம் கிடையாது. உங்களுக்காக நான் பெயர் சொல்லி ஜெபிக்கிறேன்.

கடையில் கணக்கு எழுதுகிறேன். பில் போடாமல் விற்றதை மறைத்து எழுதச் சொல்கிறார் முதலாளி. மறுத்தால் வேலை போய்விடும்.

பாபிலோனுக்குச் சிறையாகப் போன தானியேல், தன்னைத் தீட்டுப்படுத்தும் என்று ராஜாவின் சாப்பாட்டை மறுத்தபோது சண்டைக்குப் போகவில்லை. முதலில் அரண்மனைப் பிரதானியிடம் பணிவாகக் கேட்டான். அவர் பயந்தார். உடனே தங்களைக் கவனித்துக்கொண்ட விசாரிப்புக்காரனிடம் போய், பத்து நாள் பருப்பும் காய்கறியும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்றான். மறுப்போடு ஒரு மாற்று வழியையும் கையில் வைத்திருந்தான். நீங்களும் தனியாக இருக்கும்போது, “அண்ணாச்சி, சரியான கணக்கை எவ்வளவு நேரம் ஆனாலும் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், இது மட்டும் என்னால் முடியாது” என்று சொல்லிப் பாருங்கள். வேலை போகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. இப்போதே உங்கள் சபைப் போதகர் ஐயரிடமும் சபையில் தொழில் செய்கிற இரண்டு பேரிடமும் சொல்லி வையுங்கள்.

கல்லூரியில் படிக்கிறேன் ஆன்ட்டி. கடவுள் இருக்கிறாரா என்றே சில நேரம் தோன்றுகிறது. வீட்டில் கேட்டால் அடிக்காத குறை.

இயேசு உயிர்த்தெழுந்ததைத் தோமா நம்பவில்லை என்று மற்ற சீஷர்களுக்குத் தெரியும். ஆனாலும் எட்டு நாள் கழித்து அவன் அவர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருந்தான். யாரும் வெளியே அனுப்பவில்லை. அங்கே வைத்துத்தான் இயேசு அவனுக்குத் தம்மைக் காட்டினார். கேள்வியோடேயே கோவிலுக்கு வாம்மா. “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று ஒரு தகப்பன் அழுதான். அவன் பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது. அப்பா அம்மாவுக்கு இது பயம்தான், கோபம் இல்லை. உன் கேள்விகளை எனக்கு எழுது.

என் வீட்டுக்காரர் போய் ஏழு மாதம். கோவிலில் முதல் பாட்டிலேயே தொண்டை அடைக்கிறது, பாதியில் எழுந்து வந்துவிடுகிறேன். விசுவாசம் போய்விட்டதா?

இல்லை அக்கா. 88-ம் சங்கீதத்தை வாசித்திருக்கிறீர்களா? கடைசி வரை துக்கம்தான், ஒரு துதியும் இல்லாமலே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனைப் படுக்கையோடு கூரை வழியாக இறக்கினார்களே, அங்கே இயேசு கண்டது “அவர்கள் விசுவாசத்தை”. சுமந்து வந்தவர்களின் விசுவாசம்.

என் வீட்டுக்காரர் இறந்தபோது எனக்கும் இப்படித்தான். கடைசி பெஞ்சில் கதவோரம் உட்காருவேன். ஒரு பாட்டியம்மா ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டி, விரலை வரியில் வைத்து என் பக்கமாக நீட்டிக்கொண்டே பாடுவார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த விரல் முழுக்க வாழை நார்க் கறை. எத்தனையோ ஞாயிறு கழித்து ஒரு நாள், இரண்டாம் சரணத்தில் என் குரல் எனக்கே கேட்டது.

உங்கள் ஊர் எது என்று எழுதுங்கள் அக்கா. பஸ்ஸில் வந்துபோகிற தூரம் என்றால், ஒரு ஞாயிறு நான் வந்து பக்கத்தில் உட்காருகிறேன்.