டிஎம்ஆர்எம் அளவீட்டில் நோயாளி செல்லும் ஒப்பீட்டுச் செல்லும் ஒன்றாகத் தெரிவது பற்றி

எம்டி-ஏடிபி6 என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் பிறழ்வுள்ள நரம்பு முன்னோடிச் செல்களில், மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு மின்னழுத்தத்தைக் காட்டும் ஒளிரும் சாயமான டிஎம்ஆர்எம்மை 150 நானோமோலார் இட்டும் ஒப்பீட்டுச் செல்களிலிருந்து வேறுபாடு இல்லை என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் அந்த 150 மேல்தான். அவ்வளவு செறிவில் சாயம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நெருக்கியடித்துத் தன் ஒளியைத் தானே அணைத்துக்கொள்ளும். இந்தப் பிறழ்வில் ஏடிபி சிந்தேஸ் (செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உருவாக்கும் நொதி) வழியாகப் புரோட்டான் ஓட்டம் குறைந்து, சவ்வு மின்னழுத்தம் கூடவே வாய்ப்பு அதிகம். அந்தக் கூடுதல் உங்களுக்கு மங்கலாகவே தெரியும்.

10 முதல் 20 நானோமோலாருக்கு இறக்குங்கள். 30 நிமிடம் ஊறட்டும். படமெடுக்கும் திரவத்திலும் அதே செறிவு இருக்க வேண்டும், கழுவிவிட்டால் சாயம் கசிந்துவிடும். ஒவ்வொரு தட்டிலும் எஃப்சிசிபி 1 மைக்ரோமோலார் (மின்னழுத்தத்தைக் கலைப்பது; ஒளி குறைய வேண்டும்), ஒலிகோமைசின் 1 மைக்ரோமோலார் (ஏடிபி சிந்தேஸைத் தடுப்பது; ஒளி ஏற வேண்டும்) இரண்டும் கட்டாயம். இவற்றைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ எல்லாக் குழிகளிலும் 0.1 சதவீதமே. ஓரக் குழிகளில் திரவம் ஆவியாகும், அவற்றை நம்பாதீர்கள்.

செல் வளர்ப்பு ஊடகத்தில் பைருவேட், யூரிடின் (மைட்டோகாண்ட்ரியாவின் குறையை ஈடுகட்டும் சத்துகள்) இருந்தால் குறைபாடு மறைந்துபோகும். ஹெட்டிரோபிளாஸ்மி விகிதத்தையும் (மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ-வில் பிறழ்ந்தவற்றின் பங்கு) சில பாசேஜுக்கு, அதாவது செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் சில சுற்றுகளுக்கு, ஒருமுறை பாருங்கள்.

இந்த அளவீட்டை வைத்து மருந்து தேடினால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மருந்தெல்லாம் மருந்தல்ல. எஃப்சிசிபி போன்ற அன்கப்ளரும் (புரோட்டான்களைச் சவ்வு வழியே கசியவிடும் பொருள்) அதையேதான் செய்யும். ஆகவே ஏடிபி அளவு, ஆக்சிஜன் நுகர்வு, கால்சியம் மூன்றையும் பார்த்த பிறகே மருந்தைத் தேர்ந்தெடுங்கள். 2017-ல் இதே வகைச் செல்களில் அவனாஃபில் என்ற விறைப்புக் குறைபாட்டு மருந்து தேறியது கால்சியம் குறைபாட்டை ஓரளவு சரிசெய்ததால்தான்.